பினாங்கின் பழந்தொழில்களைப் பற்றிய யூடியூப் அலைவரிசைக்குப் பார்வையாளர்களைச் சேர்ப்பது எப்படி?

ஜெலுத்தோங் ஆசிரியை, பினாங்கு

அனைவருக்கும் வணக்கம். பினாங்கு மாநிலத் தமிழ்ப்பள்ளிகளில் 31 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். ஜார்ஜ்டவுனில் இன்னமும் கையால் செய்யப்படும் தொழில்களையும் அவற்றைச் செய்பவர்களையும் படமெடுத்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக இருந்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு முடிவுக்கு வந்தபின், பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகைக்கு இருந்துகொண்டு தொழில் செய்த பலர் நகரை விட்டே போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2008 இல் ஜார்ஜ்டவுன், மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்குப் பிறகு கடைவீடுகளின் முகப்பைப் படம்பிடிக்க வருபவர்கள் பெருகினார்கள். உள்ளே உட்கார்ந்து வேலை செய்பவரிடம் நின்று இரண்டு வார்த்தை பேசுபவர்கள் பெருகவில்லை. அந்தக் குறையைப் போக்கவே ஒன்பது மாதங்களுக்கு முன் இந்த அலைவரிசையைத் தொடங்கினேன்.

இதுவரை 38 காணொலிகள் வந்துள்ளன. சந்தாதாரர்கள் 412 பேர். ஒவ்வொரு காணொலியும் 18 முதல் 22 நிமிடம் வரை ஓடும். கைப்பேசியில் படமெடுத்து, கேப்கட் செயலியில் நானே தொகுக்கிறேன். முதலில் ஒரு தேவாரப் பாடல், அடுத்து அலைவரிசையின் சின்னம், பிறகு என் வணக்கவுரை, அதன்பின் அன்றைய தொழிலின் வரலாறு, இவை முடிந்த பிறகே தொழிலாளரின் பட்டறை என்பதுதான் நான் வகுத்துக்கொண்ட ஒழுங்கு. பதிவேற்றியவுடன் முன்னாள் மாணவர்கள், உறவினர்கள், கோயில் தொண்டர்கள் அடங்கிய 11 புலன (வாட்ஸ்அப்) குழுக்களுக்கு இணைப்பை அனுப்புகிறேன். முதல் இரண்டு நாள்களில் 70, 80 பேர் பார்க்கிறார்கள். மூன்றாம் நாள் எல்லாம் நின்றுவிடுகிறது.

ஒரே ஒரு காணொலி மட்டும் விதிவிலக்கு. நான் வெளியூரில் இருந்தபோது என் மகள் பதிவேற்றியது அது. மசாலா மில் நடத்தும் குடும்பத்தைப் பற்றிய அந்தக் காணொலிக்கு நான் எழுதிவைத்திருந்த “மறைந்துவரும் மரபுகள்: பகுதி 14” என்ற தலைப்பு அவள் கையில் இல்லாததால், “மீன் தலைக் கறிக்கு மசாலாத் தூள் அரைக்கும் அளவு” என்று தானே ஒரு தலைப்பை இட்டுவிட்டாள். எந்தக் குழுவுக்கும் அதை அனுப்பவில்லை. இன்றுவரை 6,200 பேர் பார்த்திருக்கிறார்கள்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். மலாயில் பேசினால்தான் இந்த நாட்டில் கூட்டம் சேரும் என்கிறான் மகன். ஒரு நிமிடக் காணொலிகளுக்கு மாறச் சொல்கிறாள் மருமகள். தெரிந்த பையன் ஒருவன், 60 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் ஆயிரம் சந்தாதாரர்களைச் சேர்த்துத் தருகிறேன் என்கிறான். இவற்றில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது? 1924 இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளிதழ் 2019 இல் நின்றபோது எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நம் மக்களுக்கு இவ்வகைச் செய்திகள் வேண்டாமோ என்ற அச்சம் அன்று முதல் எனக்கு உண்டு. இந்த 80 பார்வைகளைக் காணும்போது அது மீண்டும் வருகிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுமாறு வேண்டுகிறேன்.

செந்தூல் படத்தொகுப்பாளர், கோலாலம்பூர்

டீச்சர், வணக்கம். நான் 14 ஆண்டுகள் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்குப் படத்தொகுப்புச் செய்தவன். இப்போது இணையக் காணொலிகளைத் தொகுக்கிறேன். உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அந்த 6,200 பார்வைகளுக்குள் இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

யூடியூப் ஸ்டுடியோவில் (அலைவரிசை நடத்துபவருக்கான பக்கம்) அந்தக் காணொலியைத் திறந்து, அனலிட்டிக்ஸ் என்ற புள்ளிவிவரப் பகுதியில், பார்த்தவர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்று காட்டும் பட்டியலைப் பாருங்கள். யூடியூப் தேடல் என்ற வரி அதில் மேலே இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அந்த வரியைத் தொட்டால், வந்தவர்கள் தேடும்போது தட்டெழுதிய சொற்களே வரிசையாகத் தெரியும். அந்தச் சொற்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மீன் தலையை வாங்கிவந்து வைத்துக்கொண்டு, மல்லி எவ்வளவு, சோம்பு எவ்வளவு என்று தெரியாமல் நின்ற ஒருவருக்கு உங்கள் மகள் இட்ட தலைப்பு கைகொடுத்திருக்கிறது. “மறைந்துவரும் மரபுகள்: பகுதி 14” என்று எவரும் தேடுவதில்லை. புது அம்மியில் மணல் போவதற்கு எதை அரைக்க வேண்டும் என்று தேடுகிறார்கள். தேய்ந்த அம்மியைக் கொத்தித் தருபவர் எங்கே கிடைப்பார் என்று தேடுகிறார்கள். உங்கள் அம்மிக் காணொலியில் இந்த இரண்டுக்கும் விடை இருக்கிறது, நான் முழுவதையும் பார்த்தேன். ஆனால் தலைப்பு அதைச் சொல்லவில்லை. தலைப்பில் 100 எழுத்துகள் வரை இடம் உண்டு என்றாலும், கைப்பேசித் திரையில் தொடக்கத்திலுள்ள சில சொற்களே கண்ணில் படும். ஆகவே பொருளின் பெயர் முதலில் வரட்டும், தொடரின் பெயர் கடைசியில் போகட்டும்.

இனி, மனம் வருந்தக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் காணொலிகளில் தொழிலாளரின் கை முதன்முதலாகத் தெரிவது நான்காவது நிமிடத்தில்தான். தொலைக்காட்சியில் இது தவறாக இருந்ததில்லை. நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் 40 வினாடி முகப்பிசை இல்லாமல் எந்த நிகழ்ச்சியும் வெளியே போகாது, ஏனென்றால் எட்டரை மணி நிகழ்ச்சிக்காகக் குடும்பமே ஏற்கெனவே கூடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். கைப்பேசியில் பார்ப்பவர் உட்காரவில்லை, எல்.ஆர்.டி. ரயில் பெட்டியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஸ்டுடியோவில் ஒவ்வொரு காணொலிக்கும் ஒரு வரைகோடு இருக்கிறது. எந்த வினாடியில் எத்தனை விழுக்காட்டினர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அது காட்டும்; முதல் 30 வினாடி கடந்தபோது மிஞ்சியவர் எவ்வளவு என்பதையும் தனியே சொல்லும். உங்கள் 38 காணொலிகளுக்கும் அந்த எண்ணை எழுதிப் பாருங்கள். மசாலா மில் காணொலியில் அந்த எண் மற்றவற்றைவிடக் கூடுதலாக இருந்தால், தேடிவந்தவர்கள் விடைக்காகத் தேவாரம் முடியும்வரை பொறுத்திருந்தார்கள் என்று பொருள். மற்றவற்றுக்கு வந்தவர்களிடம் பொறுத்திருக்க ஒரு காரணம் இல்லை.

பழைய காணொலிகளை அழித்துவிட்டு மீண்டும் பதிவேற்றாதீர்கள். ஸ்டுடியோவிலுள்ள எடிட்டரிலேயே தொடக்கப் பகுதியை வெட்டிச் சேமிக்கலாம். இணைப்பும் பார்வை எண்ணிக்கையும் கருத்துகளும் அப்படியே இருக்கும். வெட்டிய பிறகு தொடக்கத்தில் வரவேண்டியது கை செய்யும் வேலை: உளி கல்லில் படும் ஓசை, பூவை நாரில் முடியும் விரல், சொங்கோக் தொப்பியின் உள்தாளில் ஊசி நுழையும் கணம். பத்து வினாடி அது ஓடட்டும்; பிறகு உங்கள் குரலில் ஒரே வாக்கியம் போதும். வரலாற்றை நடுவில் சொல்லுங்கள். அப்போது கேட்பவர் அந்த மனிதரை ஏற்கெனவே பார்த்துவிட்டிருப்பார், அந்த மனிதரின் தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்பது கேட்பவருக்கும் தெரிய வேண்டியதாக இருக்கும்.

முகப்புப் படத்தைப் பற்றியும் சொல்கிறேன். நீங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மஞ்சள் பின்னணியில் தொடரின் பெயரை எழுதி வைத்திருக்கிறீர்கள். பத்துக் காணொலிகள் அடுத்தடுத்து நின்றால் எது எது என்று தெரியவில்லை. ஒரு முகம், ஒரு பொருள், நான்கு சொற்களுக்கு மேல் வேண்டாம். யூடியூப் தன் உதவிப் பக்கத்தில், எல்லா அலைவரிசைகளிலும் காணொலிகளிலும் பாதியின் கிளிக் விகிதம் 2 முதல் 10 விழுக்காட்டுக்குள் அமைவதாகக் கூறுகிறது. அதாவது நூறு பேர் கண்ணில் பட்டால் இரண்டு முதல் பத்துப் பேர் திறக்கிறார்கள். உங்களுடையது 3 விழுக்காடு என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை; 1 என்றால் படத்தை மாற்றுங்கள்.

புலனக் குழுக்களைப் பற்றி: யூடியூப் 2012 இல் வெறும் பார்வை எண்ணிக்கையை விட்டு, எவ்வளவு நேரம் பார்க்கப்படுகிறது என்பதற்கு எடை கொடுக்கத் தொடங்கியது. இன்று அது ஒவ்வொரு பார்வையாளரையும் கவனித்து, இவர் எதை முழுவதுமாகப் பார்க்கிறார், அதே போன்று பார்ப்பவர் வேறு யார் என்று கணக்கிட்டே அடுத்ததைக் காட்டுகிறது. உங்கள் மீதுள்ள அன்பினால் திறந்து, இதயக் குறி இட்டு, ஒரு நிமிடத்தில் மூடிவிடும் எழுபது பேரால், பழந்தொழில்களில் ஆர்வமுள்ள எழுபத்தோராவது நபர் யார் என்று அதற்குத் தெரிய வழியில்லை. உறவினர்களிடம் கோபிக்க வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது நீங்கள், அம்மி அன்று.

மலாய் பற்றிய என் கருத்து: பேசுவதைத் தமிழிலேயே பேசுங்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் வசன வரிகளைத் தனித்தனியாகச் சேர்க்கலாம். தலைப்பையும் விவரிப்பையும் அந்த மொழிகளில் மொழிபெயர்த்துக் கொடுத்தால், அந்தந்த மொழி அமைப்பு வைத்திருப்பவருக்கு அதுவே தெரியும். நாம் அம்மி என்பதை மலாய்க்காரர்கள் பத்து கிலிங் என்கிறார்கள், அவர்கள் வீட்டிலும் அது இருந்தது. அந்தச் சொல் உங்கள் விவரிப்பில் இல்லாவிட்டால் அவர்கள் உங்களைக் கண்டுபிடிக்க முடியாது.

கெப்போங் அடுக்களை, கோலாலம்பூர்

டீச்சர், வணக்கம். செந்தூல் அண்ணன் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு இடங்களில் மாறுபடுகிறேன்.

தேவாரத்தை முற்றாக எடுத்துவிட வேண்டியதில்லை. உங்கள் அலைவரிசையின் குணமே அதில்தான் இருக்கிறது. வேலை முடிந்து, தொழிலாளர் கையைக் கழுவிக்கொண்டு எழும்போது அந்தப் பாடலை வையுங்கள். அங்கே அது பொருந்தும், எழுந்து போக நினைப்பவரையும் அது உட்கார வைக்கும். கடைசி 5 முதல் 20 வினாடிக்குள் அடுத்த காணொலியின் அட்டையை இறுதித் திரையாகக் காட்ட இடமும் கிடைக்கும்.

மொழியைப் பற்றி நான் இன்னும் உறுதியாகவே பேசுவேன். 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின் நாடே அடுப்படியில் இருந்தது. நானும் அப்போதுதான் தொடங்கினேன். அதே ஆண்டில் பேராக், சுங்கை சிப்புட்டிலிருந்து சுகு பவித்ரா தம்பதியர் எளிய மலாயில் சமைத்துக் காட்டி எல்லா இனத்தவரின் வீட்டுக்கும் போனார்கள். அதைப் பார்த்து எங்களில் பலர் மலாய்க்கு மாறினோம். நான் எட்டு மாதம் மலாயில் பேசினேன். எனக்கு அது அமையவில்லை, ஏனென்றால் தாளிக்கும்போது வாயில் வரும் சொல் எனக்குத் தமிழில்தான் வருகிறது, அதை மொழிபெயர்க்க நிற்கும் நேரத்தில் கடுகு கருகிவிடுகிறது. அவர்களுடைய மலாய் அவர்கள் பேசிப் பழகிய மலாய். அதனால் அது இயல்பாக இருந்தது. நான் தமிழுக்குத் திரும்பி, வீட்டில் பேசுகிற நம் மலேசியத் தமிழிலேயே, பசார், சாமான், கோப்பிக் கடை எல்லாம் கலந்து பேசத் தொடங்கிய பிறகு, சிங்கப்பூரிலிருந்தும் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த நம்மவர்களிடமிருந்தும் கருத்துகள் வந்தன. நீங்கள் காணொலியில் பேசுவது மேடைத் தமிழாக இருக்கிறது, டீச்சர். எழுத்தில் இந்தத் தமிழ் அழகாக இருக்கிறது. ஆனால் அம்மி கொத்துபவரோடு பேசும்போது அவரும் உங்களைப் பார்த்து மேடைத் தமிழுக்கு மாறிவிடுகிறார், அவருடைய கதையில் பாதி உள்ளேயே நின்றுவிடுகிறது. கேமராவை இயக்கிவிட்டு, பக்கத்து வீட்டு அண்ணனிடம் பேசுவதுபோல் பேசிப் பாருங்கள்.

கட்டுப்பாடு தளர்ந்து எல்லாரும் வேலைக்குத் திரும்பியபோது என் பார்வைகள் பாதியாகக் குறைந்தன. எஞ்சி நின்றவை ஆண்டுதோறும் தேடப்படுபவை: தீபாவளிக்கு முன் முறுக்கும் அதிரசமும், புரட்டாசியில் சைவச் சமையலும். உங்களுக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு இருக்கிறது. தைப்பூசத்துக்கு முந்தைய நாள் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் புறப்படுவதும், 2017 முதல் குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து தங்க ரதம் போவதும் உலகம் முழுவதும் உள்ள தமிழர்கள் பார்க்க விரும்பும் காட்சிகள். ரதங்களை நூறு பேர் படமெடுப்பார்கள். காவடியை வளைத்துக் கட்டுபவர், மயிற்பீலி செருகுபவர், வழியில் உடைக்கும் தேங்காயை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குபவர் ஆகியோரைப் படமெடுக்க உங்களை விட்டால் ஆள் இல்லை. ஆனால் அவை தைப்பூசத்தன்று வரக்கூடாது. மூன்று வாரம் முன்பே வந்துவிட வேண்டும், காவடி எடுப்பவர்கள் தேடுவது அப்போதுதான்.

வாட்ஸ்அப் குழுக்களை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பதினொன்றுக்கும் ஒரே இணைப்பை அனுப்புவதை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு குழுவில் ஒரு கேள்வி கேளுங்கள். அம்மிக்குழவியின் படத்தைப் போட்டு, உங்கள் தோட்டத்தில் இதை என்னவென்று சொன்னீர்கள் என்று கேட்டால், கித்தா (ரப்பர்) மரம் சீவிய பாட்டிமார்களின் பேரப்பிள்ளைகள் பாட்டியிடம் போய்க் கேட்டுவிட்டு வருவார்கள். வந்த பதில்களை அடுத்த காணொலியில் சொல்லுங்கள். தன் பாட்டி சொன்ன சொல் வருகிறதா என்று பார்ப்பவர் முழுவதும் பார்ப்பார்.

பட்டர்வொர்த் தம்பி, பினாங்கு

டீச்சர், அந்த 60 வெள்ளியைக் கொடுக்காதீர்கள். காசு கொடுத்துச் சந்தாதாரர் சேர்ப்பதும், நீ எனக்கு நான் உனக்கு என்று மாறிமாறிச் சந்தா போட்டுக்கொள்வதும் யூடியூபின் போலி ஈடுபாட்டு விதிக்கு எதிரானவை. அலைவரிசையையே நீக்கிவிட அந்த விதி இடம் தருகிறது. ஆயிரம் பேர் வந்தாலும் அவர்களில் ஒருவர்கூடப் பார்க்கப் போவதில்லை. விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களோடு, கடந்த 12 மாதங்களில் பொதுவில் பார்க்கப்பட்ட 4,000 மணி நேரமும் வேண்டும், அல்லது 90 நாள்களில் ஷார்ட்ஸ் எனும் குறுங்காணொலிகளில் 1 கோடிப் பார்வைகள் வேண்டும். முதல் எண்ணை மட்டும் வாங்கி வைத்தால் இரண்டாவது எண் எங்கிருந்து வரும்?

ஷார்ட்ஸ் செய்யுங்கள், ஆனால் அதை வாசற்படியாக மட்டும் வையுங்கள். ஷார்ட்ஸ் ஓட்டத்தில் பார்க்கப்படும் நேரம் அந்த 4,000 மணி நேரத்தில் சேராது. 2024 அக்டோபர் முதல் செங்குத்துக் காணொலி 3 நிமிடம் வரை இருந்தாலும் ஷார்ட்ஸாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. உளி அடிக்கும் 40 வினாடியை மட்டும் வெட்டிப் போட்டு, தொடர்புடைய காணொலி என்ற இடத்தில் முழுக் காணொலியின் இணைப்பைக் கொடுங்கள்.

பெரிய காணொலிகளில் அத்தியாயங்களும் பிரித்து வையுங்கள். விவரிப்பில் நேரக் குறிப்புகளை எழுதினால் போதும்: முதலாவது 0:00 என்று தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் 10 வினாடிக்குக் குறையக்கூடாது. மசாலா அளவு மட்டும் வேண்டுபவர் அந்த இடத்துக்கு நேராகப் போவார்.

தேவாரத்தைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று உண்டு. தேவாரப் பாடல் பல நூற்றாண்டு பழையது, அதற்குப் பதிப்புரிமை இல்லை. ஆனால் நீங்கள் சில காணொலிகளில் ஒலித்தட்டிலிருந்து எடுத்த பதிவை வைத்திருக்கிறீர்கள். அந்தப் பாடகரின் பதிவுக்கு உரிமையாளர் இருப்பார். உரிமைகோரல் வந்தால் உங்கள் காணொலியின் வருமானம் அவருக்குப் போகலாம், அல்லது காணொலி தடுக்கப்படலாம்; அலைவரிசைக்கு ஆபத்தில்லை. ஆனால் உரிமையாளர் நீக்கக் கோரிக்கை அனுப்பினால் அது எச்சரிக்கைப் புள்ளியாகும். 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் அலைவரிசை போய்விடும். முதல் சில காணொலிகளில் நீங்களே பாடியிருக்கிறீர்கள். அதுவே நன்றாக இருந்தது.

ஜெலுத்தோங் ஆசிரியை, பினாங்கு

ஏழு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். செய்து பார்க்காமல் நன்றி மட்டும் சொல்ல மனம் வரவில்லை என்பதே தாமதத்துக்குக் காரணம்.

செந்தூல் நண்பர் சொன்னபடி 38 காணொலிகளின் முதல் 30 வினாடிக் கணக்கையும் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதினேன். பெரும்பாலானவற்றில் 30 வினாடி முடியும்போது பத்துப் பேரில் நால்வரே இருந்தார்கள். பட்டறை வரும்போது ஒருவரோ இருவரோ. மசாலா மில் காணொலியில் மட்டும் எழுவர் இருந்தார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மி கொத்தும் பெரியவர் வெயிலில் மூன்று மணி நேரம் எனக்காக உட்கார்ந்து பேசினார். அவர் பேசத் தொடங்கும்போது யாரும் இல்லாதபடி நானே செய்திருக்கிறேன். நம் மக்களுக்கு இது வேண்டாமோ என்று நான் முதலில் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பன்னிரண்டு காணொலிகளின் தொடக்கத்தை வெட்டிவிட்டேன். தலைப்புகளையும் மாற்றினேன். தேடல் சொற்களைப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது: பலர் தமிழை உரோமன் எழுத்தில் தட்டெழுதியே தேடியிருக்கிறார்கள், எட்டில் ஒருவர் மலாயில் தேடியிருக்கிறார். விவரிப்பில் இரண்டையும் சேர்த்தேன். மூன்று காணொலிகளுக்கு மலாய் வசன வரிகளை நானே எழுதினேன். அம்மிக் காணொலிக்கு இந்த ஏழு வாரத்தில் 1,900 பார்வைகள் கூடின. பூமாலைக் காணொலி அசையவே இல்லை. சந்தாதாரர்கள் இப்போது 655 பேர்.

கெப்போங் சகோதரி சொன்ன கேள்வியை முன்னாள் மாணவர்கள் குழுவில் கேட்டேன். ஒரே இரவில் 64 பதில்கள் வந்தன. அம்மியைப் பற்றி மட்டும் வரவில்லை. கெடா தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரே அம்மியை ஆறு வீட்டார் முறைவைத்து அரைத்த கதையை ஒரு மாணவி மூன்று குரல் பதிவுகளாக அனுப்பியிருந்தாள். அவள் அனுமதியோடு அதைப் பயன்படுத்தப் போகிறேன். தைப்பிங்கிலிருந்து ஒருவர், பெரியவர் அங்கே வந்து கொத்தித் தருவாரா, கூலி என்ன என்று கருத்துப் பெட்டியில் கேட்டார். பெரியவரிடம் சொன்னேன்; பேருந்துச் செலவும் கூலியும் பேசிக்கொண்டு போய்வந்தார். அன்று ஒரே தெருவில் நான்கு அம்மிகள் கொத்தியதாகச் சொன்னார்.

பேச்சுத் தமிழில்தான் எனக்கு இன்னும் தயக்கம். 31 ஆண்டுகள் வகுப்பில் திருத்திய சொற்களை நானே கேமரா முன் சொல்ல வாய் வரவில்லை. தொழிலாளரிடம் பேசும்போது வீட்டுத் தமிழும், பின்னணியில் நான் விவரிக்கும்போது எழுத்துத் தமிழுமாகப் பிரித்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். பட்டர்வொர்த் தம்பிக்கு: ஒலித்தட்டுப் பாடலை எல்லாக் காணொலிகளிலிருந்தும் எடுத்துவிட்டேன், இனி நானே பாடுவேன்.

ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. வரும் சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு மாலை கட்டும் கடைக்கு மறுபடியும் படமெடுக்கப் போகிறேன். முதல்முறை எடுத்ததில் லாரிச் சத்தத்தில் அவர் குரல் எடுபடவில்லை. என்ன செய்யலாம்?

செந்தூல் படத்தொகுப்பாளர், கோலாலம்பூர்

டீச்சர், நீங்கள் நினைத்த பிரிவு சரியானது, அப்படியே செய்யுங்கள்.

குரலுக்கு, சட்டையில் செருகும் சிறிய மைக் ஒன்று போதும். நான் 70 வெள்ளிக்கு வாங்கியதை இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். கழுத்துக்கு ஒரு சாண் கீழே செருகுங்கள். மாலை கட்டுபவர் குனிந்தே இருப்பார் என்பதால் அதைவிட மேலே வைத்தால் தாடை மறைக்கும், கீழே வைத்தால் நார் உரசும். அவர் பேசாமல் வேலை செய்யும்போது கைப்பேசியின் மைக்கிலேயே இரண்டு நிமிடம் தனியாக ஒலிப்பதிவு செய்து வையுங்கள். கடைக் கதவைத் திறக்கும் சத்தமும், பூக்கூடையைக் கொட்டும் சத்தமும், லாரியும் அதில் இருக்கட்டும். தொகுக்கும்போது அதைக் குரலுக்கு அடியில் மெல்லியதாக ஓடவிடலாம். பூமாலைக் காணொலி ஏன் அசையவில்லை என்பதற்கு என் ஊகம்: தலைப்பில் மாலை என்று மட்டும் இருக்கிறது. கல்யாண மாலையா, சாமி மாலையா, எத்தனை முழம், என்ன பூ என்று அவரிடமே கேட்டு, அவர் சொல்லும் சொல்லையே தலைப்பில் வையுங்கள்.